தாடியஸ் ஸ்டீவன்ஸ்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: லிங்கன் காலத்துப் பேச்சு வந்தாலே ஸ்டீவன்ஸ் பெயரை இழுத்துவிடுகிறீர்களே, யார் சார் இவர்?

பதில்: அமெரிக்க அரசியல்வாதி, வக்கீல். பிறந்தது வெர்மான்ட் மாநிலத்தில், 1792இல். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. 1816இல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, பின்னால் லான்காஸ்டருக்கு மாறினார். உள்நாட்டுப் போரின்போது பிரதிநிதிகள் சபையில் வரி, நிதி விஷயங்களைக் கவனித்த குழுவுக்கு அவர்தான் தலைவர். போருக்குப் பணம் புரட்டிய இடம் அது.

கேள்வி: அடிமை முறைக்குப் பரம எதிரி என்கிறார்கள். ஆனால் எஜமான் பக்கம் வாதாடினாராமே?

பதில்: வாதாடினார், ஜெயிக்கவும் செய்தார். அதை மறைத்து அவரைப் பற்றிப் பேச முடியாது. வெளி மாநிலத்து எஜமான் தன் அடிமையைப் பென்சில்வேனியாவில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த ஆளுக்கு விடுதலை. இதுதான் அங்கே சட்டம். மேரிலாந்து மாநிலத்திலிருந்து எஜமான் வீட்டாரோடு வந்து வந்து போன அடிமைப் பெண் சாரிட்டி பட்லர். வந்து தங்கிய நாட்களையெல்லாம் கூட்டிப் பாருங்கள், நான் சுதந்திரமானவள் என்றார். "கூட்டக் கூடாது, ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும்" என்றார் எஜமானின் வக்கீல் ஸ்டீவன்ஸ். 1821இல் நீதிமன்றம் அதை ஏற்றது. சாரிட்டிக்கு விடுதலை இல்லை.

இந்த வழக்குதான் அவரை மாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். அவ்வளவு நேர்க்கோடாக நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மாறினார். தப்பி வந்த அடிமைகளுக்காகக் காசு வாங்காமல் வாதாடினார். 1838இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சட்டம் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறித்தபோது, அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

கேள்வி: இலவசப் பள்ளிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: 1834இல் வந்த இலவசப் பள்ளிச் சட்டத்தை, வரி கூடுகிறது என்று மறு வருஷமே ரத்து செய்யப் பார்த்தார்கள். மாநில அவையில் இவர் பேசிய பேச்சு அதைக் காப்பாற்றியது.

கேள்வி: லிங்கனுக்கு அடுத்து வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவியிலிருந்து நீக்க ஏன் அப்படித் துரத்தினார்?

பதில்: போரில் தோற்ற தென்மாநிலப் பண்ணையார்களிடமே ஜான்சன் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்ததால்தான். ஸ்டீவன்ஸ் கேட்டதோ பெரிய பண்ணைகளைப் பறிமுதல் செய்து, விடுதலையான குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர். அவர் கட்சியே அதற்குத் துணியவில்லை. 1868இல் ஜான்சனைப் பதவி நீக்கும் விசாரணை செனட்டில் நடந்தபோது, நடக்கக்கூட முடியாத ஸ்டீவன்ஸை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. "நீங்கள் செத்துப்போனால் என்னை யார் தூக்குவது?" என்று தூக்கிய வாலிபர்களைக் கிண்டலடித்தாராம். பதவி நீக்கத்துக்கு 35 வாக்கு விழுந்தது, வேண்டியது 36.

கேள்வி: கல்லறையைப் பற்றி ஏதோ சொல்வார்களே?

பதில்: அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று இறந்தார். மற்ற இடுகாடுகள் இனம் பார்த்து இடம் கொடுத்ததால், எல்லோரையும் ஏற்ற ஒரு சின்ன இடுகாட்டை லான்காஸ்டரில் தேர்ந்தெடுத்திருந்தார். தனிமை பிடித்து இங்கே வரவில்லை என்று காரணத்தையும் கல்லில் பொறிக்கச் சொல்லிவிட்டுப் போனார். வக்கீல் அல்லவா!