ஹெச்.ஐ.வி. சோதனையில் ஒரே ரத்தத்தை ஏன் மூன்று கிட்டில் பார்க்கிறார்கள்?

இந்தியாவில் அரசின் நம்பிக்கை மையங்களில் (ஹெச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் இடங்கள்) பொதுவாக இதுதான் முறை. முதல் கிட்டில் சோதனைக் கோடு விழுந்தால் அதற்குப் பெயர் ‘ரியாக்டிவ்’. இன்னும் ‘பாசிட்டிவ்’ ஆகவில்லை. கிட் பெரும்பாலும் தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை. ஜாடை ஒத்த வேறு புரதமும் எப்போதாவது அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வேறு வேறு வகையான இன்னும் இரண்டு கிட்டுகள். மூன்றிலும் ரியாக்டிவ் வந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதித் தருவார்கள். ஒரே கிட்டை மூன்று தரம் போட்டுப் பயனில்லை. கோளாறான தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் அதே தப்பான எடைதானே காட்டும்? மூன்றில் இரண்டில் மட்டும் ரியாக்டிவ் வந்தால் 14 நாளாவது கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.

‘நான்-ரியாக்டிவ்’ வந்தாலே தொற்று இல்லை என்று பலர் நினைப்பது தவறு: எதிர்ப்புப் புரதம் உருவாக நாளாகலாம் என்பதால், தொற்றும் வாய்ப்பு நேர்ந்து 3 மாதம் ஆகாதவர்கள், அந்த 3 மாதம் முடிந்ததும் மீண்டும் சோதிக்க வேண்டும்.