உள்ளாட்சித் தேர்தல் வேலையை உள்ளூர்க் கடைகளுக்கே கொடுக்கலாமா?

கேள்வி: பேரணாம்பட்டு ஒன்றியத்தில் ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நிற்க இருக்கிறேன். வார்டில் சுமார் 4,000 ஓட்டு, 1,300 வீடு. நோட்டீஸ், போஸ்டர் எல்லாவற்றையும் சிவகாசியில் அடித்தால் மலிவு என்கிறார் என் மைத்துனர். எங்கள் பக்கத்திலேயே அச்சகம், ஃபிளெக்ஸ் கடை, மைக் செட், ஆட்டோ எல்லாம் உண்டு. அவர்களுக்கு வேலை கொடுத்தால் அந்தக் குடும்பங்களின் ஓட்டும் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: வேலையை உள்ளூரிலேயே கொடுங்கள். ஆனால் ஓட்டு வரும் என்பதற்காகக் கொடுக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் நாட்கள் குறைவு, அதுதான் காரணம்.

கட்சி வேட்பாளருக்குச் சின்னம் முன்பே தெரியும். சுயேச்சைக்கு மனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் கிடைக்கும். 2021இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது வாபஸ் பெறக் கடைசி நாள் செப்டம்பர் 25. முதல் கட்ட வாக்குப்பதிவு அக்டோபர் 6. பிரச்சாரம் 48 மணி நேரத்துக்கு முன்பே ஓய்ந்துவிடும் என்பதால், சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கக் கிடைத்தது ஒன்பது நாள். சிவகாசி இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். டிசைன் அனுப்பி, புரூப் (பிழை பார்க்கும் மாதிரிப் பிரதி) பார்த்து, திருத்தி, அச்சடித்து, பார்சல் வந்து சேர மூன்று நான்கு நாள் போய்விடும். நடுவில் ஒரு பிழை வந்தால் அந்தச் சரக்கே வீண். உள்ளூர் அச்சகத்தில் மாலையில் சின்னம் கொடுத்தால் மறுநாள் காலை நோட்டீஸ் கையில் இருக்கும். சின்னம் வருவதற்கு முன்பே படம், பெயர், வாசகம் எல்லாவற்றையும் அமைத்துச் சின்னத்துக்கு மட்டும் இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

விலைக் கணக்கும் உங்கள் அளவுக்கு மைத்துனர் சொல்வதுபோல் வராது. பலவண்ண ஆஃப்செட்டுக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு) வேண்டும். நூறு அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் போகும்போதுதான் ஒரு பிரதியின் விலை இறங்கும். சட்டமன்றத் தொகுதி முழுக்க ஒட்டுபவருக்கு சிவகாசி லாபம். ஒரு ஒன்றிய வார்டுக்கு முந்நூறு, நானூறு போஸ்டருக்கு மேல் தேவைப்படாது. அதை ஒரே வண்ணத்தில் உள்ளூரில் அடிப்பதே சிக்கனம்.

நோட்டீஸுக்கு அளவு இது. 23க்கு 36 அங்குல டபுள் டெம்மி தாளைப் பதினாறாக வெட்டினால், ஒன்று சுமார் 5¾க்கு 9 அங்குலம் வரும். ஒரு ரீம் 500 தாளுக்கு 8,000 நோட்டீஸ். வீட்டுக்கு இரண்டு சுற்றும் தெருமுனைக்குக் கொஞ்சமும் சேர்த்து 4,000 போதும் என்றால், அரை ரீமும் கழிவுக்குப் பதினைந்து தாளும் வாங்கினால் சரியாக வரும். உங்கள் பகுதியில் உருது படிப்பவர்களும் உண்டு என்பதால், முன்பக்கம் தமிழும் பின்பக்கம் உருதும் போட வேண்டியிருக்கும். மேப்லித்தோ என்ற அச்சுத் தாளில் 60 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) மெல்லியது, பின்பக்க மை முன்பக்கம் தெரியும். 70 ஜிஎஸ்எம் கேளுங்கள்.

உருது என்பதே உள்ளூர் அச்சகத்தைத் தேட இன்னொரு வலுவான காரணம். அந்த எழுத்து தெரியாத கடைக்கு ஃபைல் அனுப்பினால், எழுத்துகள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியாகவோ, இடமிருந்து வலமாகத் திரும்பியோ அச்சாகிவிடும். உருது தெரியாத கடைக்காரருக்கு அந்தப் பிழை கண்ணில் படாது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் திருமணப் பத்திரிகை அடித்துப் பழகிய அச்சகங்களில் உருது படிக்கத் தெரிந்தவர் இருப்பார். தமிழிலும் கவனம் தேவை. யூனிகோடு அல்லாத எழுத்துருவில் டைப் செய்த ஃபைலை வேறு கணினியில் திறந்தால் எழுத்து சிதறும். எழுத்தைக் கர்வ் ஆக்கி (எழுத்துரு இல்லாமலே தெரியும் கோட்டு வடிவமாக மாற்றி), பிடிஎஃபாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழிக்கும் தனித்தனி ஆளை வைத்துத் தாளில் எடுத்த புரூப்பைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். மொபைல் திரையில் பார்த்து ஓகே சொல்ல வேண்டாம்.

நோட்டீஸில் பலர் விட்டுவிடும் ஒன்று, வாக்குச்சீட்டின் நிறம். ஊரகத்தில் ஒருவர் ஊராட்சி வார்டு உறுப்பினர் சீட்டையும் சேர்த்து நான்கு சீட்டில் ஓட்டுப் போடுகிறார். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். 'பச்சைச் சீட்டில்' என்ற வரி சின்னத்துக்குப் பக்கத்திலேயே பெரிதாக இருக்கட்டும். அறிவிப்பு வந்ததும் நிறம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு அச்சுக்குக் கொடுங்கள்.

அடியில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி, பிரதிகளின் எண்ணிக்கை எல்லாம் வர வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 127ஏ பிரிவு சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அச்சகத்தார், வெளியிடுபவர் இருவரின் பெயரையும் முகவரியையும் கட்டாயமாக்குகிறது. வெளியிடுபவர் தன்னை நேரில் அறிந்த இருவர் சான்றுடன் உறுதிமொழியை இரண்டு பிரதியாக அச்சகத்தாரிடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. உள்ளாட்சிக்கும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். பறக்கும் படை பிடித்தால் அச்சகக்காரரும் மாட்டுவார். உங்களால் அவர் தொழில் கெடக் கூடாது.

மைக் செட்டும் ஆட்டோவும் உள்ளூரில்தான் எடுக்க வேண்டும். ஒன்பது நாளும் வெளியூர் வண்டி ஓடினால் ஓட்டுநர் தங்கும் செலவே கூடிவிடும், சந்துகளும் அவருக்குத் தெரியாது. வாடகை பேசும்போது வண்டி, ஓட்டுநர் பேட்டா, டீசல், ஆம்ப்ளிஃபயர், பேட்டரி என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். 'எல்லாம் சேர்த்து' என்று பேசினால் கடைசியில் தகராறுதான். கூம்பு வடிவக் குழாய் வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் போதும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வண்டி அனுமதிச் சீட்டை முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். ஃபிளெக்ஸைக் கூடியவரை தவிர்த்துத் துணி பேனர் வையுங்கள். 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அனுமதி இல்லாமல் சாலையோரம் கட்டினால் அது தனிக் குற்றம்.

ஓட்டு விஷயத்துக்கு வருவோம். ஊரில் இரண்டு மைக் செட் இருந்து ஒருவருக்கே எல்லா நாளும் கொடுத்தால், ஒரு குடும்பம் மகிழும், இன்னொரு குடும்பம் மனம் கசக்கும். கிராமத்தில் இரண்டாவதுதான் வேகமாகப் பரவும். நாட்களைப் பிரித்துக் கொடுங்கள். ஒரே தெருவுக்கோ ஒரே சாதிக்கோ எல்லா வேலையும் போனதாகப் பெயர் வாங்காதீர்கள். சந்தை விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வேலைக்கான கூலியாக இருக்கும்வரை அது செலவு. ஓட்டுக்காகக் கூட்டிக் கொடுத்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவின்படி லஞ்சம். டீக்கடை, பெட்ரோல் பங்க் டோக்கன்களும் அதே வகையில்தான் பார்க்கப்படும். உடன் சுற்றுபவர்களுக்கான டீ, சாப்பாட்டை ஒரே கடையில் நோட்டுப் போட்டு, தினமும் ஆள் கணக்கோடு எழுதச் சொல்லுங்கள். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் பணம் பிடிபட்டு வாக்குப்பதிவே ரத்தாகி, ஆகஸ்ட் 5இல் தனியாக நடந்த தொகுதி வேலூர். இங்கே சந்தேகப் பார்வை சற்று அதிகமாகவே இருக்கும்.

உள்ளூரில் கொடுப்பதில் உண்மையான ஆபத்து பில்தான். 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டைத் தருவார்கள். அது கணக்கில் நிற்காது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு கடையும் பில் தரலாம், வரி மட்டும் வசூலிக்கக் கூடாது. கடைப் பெயர், முகவரி, தேதி, அளவு, விகிதம், கையெழுத்து இருந்தால் போதும். தெரிந்தவர் ஆட்டோவை இலவசமாக விட்டாலும், அதன் சந்தை வாடகை உங்கள் செலவில் ஏறும். நண்பர் தன் காசில் போஸ்டர் அடிக்க விரும்பினால் முதலில் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் கொடுங்கள். அது இல்லாமல் செலவழித்தால் அதே நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவின்படி அவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். ஒன்றியக் கவுன்சிலருக்குக் கடந்த முறை செலவு வரம்பு 85,000 ரூபாய். புதிய அறிவிப்பில் மாறியிருக்கிறதா என்று மனு வாங்கும்போதே கேளுங்கள். கணக்கை முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாமல் போகலாம்.

பாதி முன்பணம், மீதி சரக்கு கைக்கு வந்த அன்றே. தோற்ற வேட்பாளரிடம் பாக்கி வசூலிக்க அலைந்து சிறு அச்சகங்களும் மைக் செட்காரர்களும் நொடித்துப்போவது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது. அதனால்தான் கடைகள் சுயேச்சையிடம் விலையைக் கூட்டிச் சொல்கின்றன. உடனே பணம் தருவதாகச் சொன்னால் குறைத்துத் தருவார்கள். வாக்கு எண்ணும் நாளுக்கு முன்பே எல்லாப் பாக்கியையும் தீர்த்து, ஒவ்வொரு பில்லின் பின்னாலும் பணம் பெற்றதாகக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.