சாயும் கம்பங்களும் நிற்கும் காரும்

அன்புள்ள ஐயா,

மயூர் விகாரில் இருக்கிறேன். நண்பர் தன் காரை ஓட்டிப் பார்க்க கிரேட்டர் நொய்டாவின் கார் பந்தயத் தளமான புத் சர்க்யூட்டுக்குப் போனார், நானும் என் மிரர்லெஸ் கேமராவோடு கூடப் போனேன். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்து, எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தேன். படங்கள் துல்லியம்தான், ஆனால் கார் பார்க்கிங்கில் நிற்பதுபோல் இருக்கிறது. பின்னாலுள்ள கம்பங்கள் சாய்ந்திருக்கின்றன. பாதிப் படங்களில் காரின் மூக்கோ வாலோ இல்லை. இதை விற்றுவிட்டு விலை கூடிய கேமரா வாங்கலாமா?

ர., டெல்லி

அன்புள்ள ர.,

விற்க வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 180 கி.மீ. என்றால் நொடிக்கு 50 மீட்டர். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர், ஆக சக்கரம் நொடிக்கு 25 சுற்று சுற்றும். 1/2000-இல் அது நாலரை பாகைதான் திரும்புகிறது. ஆரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம், அதனால்தான் கார் நிற்கிறது. 1/125-க்கு இறங்குங்கள், 72 பாகை திரும்பிவிடும். ஆரங்கள் கரைந்து வட்டமாகும். அந்தக் கலங்கல்தான் ஓட்டம்.

ஆனால் 1/125-இல் கையும் காரோடு போக வேண்டும். கார் உங்களுக்கு நேரே கடக்கும் இடத்தைப் பார்த்துக் காலை ஊன்றுங்கள். இடுப்பை மட்டும் கார் வரும் பக்கம் திருப்பி, தூரத்திலேயே பிடித்துக்கொண்டு கூடவே திரும்புங்கள். பட்டனை அழுத்திய பிறகும் உடம்பு நிற்கக் கூடாது. பலர் அழுத்தும் கணத்தில் நின்றுவிடுகிறார்கள், படம் அங்கேதான் கெடுகிறது. லென்ஸில் பேனிங்குக்கென்று, அதாவது இப்படிக் கூடவே திரும்பி எடுப்பதற்கென்று, தனி ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) இருந்தால் அதைப் போடுங்கள்.

கம்பம் சாய்வதற்கு எலக்ட்ரானிக் ஷட்டர் காரணம். பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. படித்து முடிப்பதற்குள் உங்கள் கேமரா காரோடு நகர்ந்துவிடுகிறது, கம்பத்தின் அடி வேறு இடத்தில் பதிகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் போதும். 2023-இல் சோனி அறிவித்த ஏ9 III கேமரா எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது, கம்பம் சாயாது. விலை பல லட்சம். அதிலும் 1/2000 வைத்தால் உங்கள் கார் நிற்கத்தான் செய்யும்!

காரின் மூக்கு வெட்டுப்படுவதற்கு, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் காரணமா என்று பாருங்கள். நிறைய மாடல்களில் அதிகபட்ச வேகத்தில் தொடர்ந்து சுடும்போது, கண்ணுக்குத் தெரிவது இப்போதைய காட்சி இல்லை, கடைசியாக எடுத்த படம். பத்தில் ஒரு நொடி பிந்தினாலும் கார் 5 மீட்டர் போயிருக்கும். தொடர்ந்து சுடும் வேகத்தை ஒரு படி குறைத்தால் நேரடிக் காட்சி திரும்ப வரும். குறைவாக எடுத்து, பார்த்து எடுப்பதே எனக்குப் பிடித்த வழி.

அப்புறம் இடம். மூன்றாவது திருப்பத்துக்குப் பிறகு வரும் ஒரு கிலோமீட்டர் நேர்பாதை ஆசை காட்டும். 2011-இல் நம்ம நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டிய தளம் அது, ஆசை வராமல் இருக்குமா? இருந்தாலும் முதலில் மூன்றாவது திருப்பத்தையே எடுங்கள். மேட்டில் ஏறி, வேகம் நன்றாகக் குறைந்து திரும்புவார்கள். வெயில் ஏறுமுன் எடுப்பது நல்லது. தார் சூடேறிவிட்டால் தூரத்துக் கார் கானல் அலையில் நெளியும், அதை எந்த லென்ஸும் சரிசெய்யாது.

அதுவரை மயூர் விகாரிலேயே பழகலாம். நடைபாதையில் நின்று போகிற ஆட்டோக்களை 1/30-இல் பிடியுங்கள். ஆட்டோவின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் நம்பர் தெளிவாக வந்து, பின்சுவர் கோடுகோடாக மாறிவிட்டால் அடுத்த முறை புத் சர்க்யூட்டுக்குத் தயார்.

அன்புடன்