கம்பெனி பக்கிக்கு (பிக்அப் வண்டிக்கு) இன்சூரன்ஸ் இருக்கிறது. மைத்துனர் காரை ஓட்டலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் பிளம்பிங் சாமான் கடை நடத்துகிறேன். கடை பிரைவேட் லிமிடெட் கம்பெனி. சொந்தக் காரை விற்றுவிட்டு, கம்பெனி பெயரில் வாங்கிய பக்கியையே எல்லாவற்றுக்கும் ஓட்டுகிறேன். அதற்கு முழு இன்சூரன்ஸ் உண்டு. சில வார இறுதிகளில் மைத்துனர் காரை இரவல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போவோம். அதில் ஏதாவது நடந்தால் கம்பெனி பாலிசி உதவுமா? "எந்த வண்டி ஓட்டினாலும் உங்களுக்குக் கவர் உண்டு" என்கிறார் புரோக்கர்.

பதில்: உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கர் சொன்னதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போது பேச்சு மாறும்.

தென்னாப்பிரிக்காவில் இன்சூரன்ஸ் வண்டியைத்தான் ஒட்டியிருக்கும், ஆளை அல்ல. தனிநபர் பாலிசிகள் சிலவற்றில் ஒரு கூடுதல் சலுகை இருக்கும்: பாலிசிதாரர் வேறொருவர் காரை ஓட்டி, மூன்றாம் ஆளின் வண்டியையோ சுவரையோ சேதப்படுத்தினால் அந்தப் பொறுப்பை ஏற்பார்கள். அங்கே கவனிக்க வேண்டிய சொல் 'பாலிசிதாரர்'. உங்கள் பாலிசியில் பாலிசிதாரர் கம்பெனி. கம்பெனி ஸ்டியரிங் பிடிக்காது. பழைய காரை விற்று அதன் பாலிசியை நிறுத்திய அன்றே, அந்தச் சலுகை இருந்திருந்தாலும் போய்விட்டது. யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் மைத்துனரின் ஷெட்யூலை (பாலிசி விவரத் தாளை) வாங்கிப் பாருங்கள். குறிப்பிட்ட ஓட்டுநர்கள் மட்டும் என்று கட்டுப்பாடு இருக்கிறதா? வழக்கமான ஓட்டுநர் என்று யார் பெயர் போட்டிருக்கிறது? வேறு ஆள் ஓட்டினால் கூடுதல் எக்ஸெஸ் (கிளெய்மில் நாமே கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு? கட்டுப்பாடு இல்லையென்றால், எப்போதாவது ஓட்டினால் சிக்கல் இல்லை. வாரம் தவறாமல் ஓட்டினால், வழக்கமான ஓட்டுநர் நீங்கள்தான், அதை மறைத்துவிட்டீர்கள் என்று கிளெய்மை மறுக்க வழி கிடைத்துவிடும். அந்தக் காரில் கடைச் சரக்கையும் ஏற்றாதீர்கள்.

அவர் காருக்கு இன்சூரன்ஸே இல்லாவிட்டால்தான் பெரிய ஆபத்து. இந்த நாட்டில் வாகன இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. பெட்ரோல் விலையில் நாம் செலுத்தும் வரியில் ஓடும் சாலை விபத்து நிதியம் உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே. அதுவும் எத்தனை ஆண்டு இழுக்கும் என்பது ஊரறிந்த விஷயம். எதிர்வண்டியின் நெளிவுக்கு அங்கே ஒரு சென்ட் கிடையாது. எதிராளியின் இன்சூரன்ஸ் கம்பெனி அவர் வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைக் கேட்டு உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும். பொதுவாக மூன்று ஆண்டு வரை வழக்குப் போடலாம். வண்டியை இடித்தது நீங்கள் என்பதால் லிமிடெட் கம்பெனி என்ற வேலி உங்கள் வீட்டைக் காக்காது. வீட்டு இன்சூரன்ஸில் உள்ள தனிப்பட்ட பொறுப்புப் பகுதியும் மோட்டார் வாகனங்களை வழக்கமாகவே விலக்கி வைக்கும்.

மலிவான தீர்வு, அந்தக் காருக்கு மூன்றாம் நபர் பாலிசியாவது எடுக்க வைப்பது. கூடவே, கம்பெனிக்குச் சொந்தமில்லாத வண்டியை டைரக்டரும் மனைவியும் ஓட்டும்போது வரும் பொறுப்பைச் சேர்க்க முடியுமா என்று உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். சிலர் சேர்ப்பார்கள், சிலர் மாட்டார்கள். சேர்த்தால் அது ஷெட்யூலில் அச்சாகி வர வேண்டும். வாட்ஸ்அப் பதில் போதாது. வாடகைக் கார் என்றால், சேதத்துக்கு உங்களிடம் பணம் கேட்காமலிருக்க வாடகை நிறுவனம் விற்கும் சேதத் தள்ளுபடியை (டேமேஜ் வெய்வர்) வாங்கி, ஓட்டப்போகும் எல்லோர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இனி உங்கள் புரோக்கர் போன்றவர்களைப் பற்றி. கம்பெனி பக்கியை முதலாளியின் சொந்தப் பாலிசியில் 'தனிப்பட்ட பயன்பாடு' என்று போட்டுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டுவது இவர்களின் பழைய வித்தை. தனிப்பட்ட பயன்பாட்டில் வேலைக்குப் போய்வருவது பொதுவாக அடங்கும். டெலிவரியும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவதும் அடங்காது. பைப் ஏற்றிப் போகும்போது மோதினால் முதல் கேள்வியே எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதுதான். பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் கம்பெனியா என்று பாருங்கள். வண்டிக் கடன் முடியும்வரை 'டைட்டில்ஹோல்டர்' (சட்டப்படி உரிமை வைத்திருப்பவர்) இடத்தில் வங்கி இருக்கும், அது வேறு. உரிமையாளரும் பாலிசிதாரரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கம்பெனி பதிவே இல்லாமல் சொந்தப் பெயரில் தொழில் செய்பவருக்குப் பெயர்ப் பிரச்சினை கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவரும் தொழிலும் ஒரே ஆள். பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அப்படித்தான். ஆனால் பயன்பாடு 'தொழில்' என்று இருக்க வேண்டும் என்பது அவருக்கும் பொருந்தும். பிறகு அவர் கம்பெனி பதிவு செய்து வண்டியை அதற்கு மாற்றினால், அன்றைக்கே பாலிசியையும் மாற்ற வேண்டும். பழைய பாலிசியிலிருந்து மாதாமாதம் பணம் பிடிக்கப்படுவது, கவர் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. கூட்டாளியோடு நடத்தினால் இரண்டு பெயரும் வேண்டும்.

பக்கியில் இருக்கும் சரக்கும் கருவிகளும் மோட்டார் பகுதியில் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். ஷெட்யூலில் சாஸ்ரியா (கலவரச் சேதத்துக்கான அரசு இன்சூரன்ஸ்) என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். கலவரத்தில் எரிந்த வண்டிக்கு அது மட்டுமே பணம் தரும். 2021 ஜூலைக் கலவரத்தை டர்பனில் பார்த்த பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புரோக்கர் தவறான ஆலோசனை தந்திருந்தால் அவரிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். ஆறு வாரத்தில் தீராவிட்டால் ஃபாயிஸ் ஓம்பட் (நிதி ஆலோசகர்கள் மீதான புகார்களைத் தீர்ப்பவர்) அலுவலகத்துக்குப் போகலாம். கிளெய்ம் மறுப்புக்கு, 2024 மார்ச் முதல் தேசிய நிதி ஓம்பட் அமைப்பு. தொழில் பாலிசி என்றால், எவ்வளவு விற்றுமுதல் வரை உள்ள தொழிலின் புகாரை ஏற்பார்கள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மோதிய சில நிமிடத்தில் அழைக்காமலே வந்து நிற்கும் டோ டிரக்காரர். "இன்சூரன்ஸ்தான் அனுப்பியது" என்பார். நீங்கள் கையெழுத்திட்டால் இழுவைக் கூலி, பிறகு நாளொன்றுக்கு இவ்வளவு என்று யார்டு வாடகை. அதைக் கட்டாமல் வண்டியை விட மாட்டார். பாலிசி விதியை மீறியதாகச் சொல்லி இன்சூரன்ஸ் அந்தத் தொகையை உங்கள் தலையில் கட்டலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் அவசர எண்ணை விண்ட்ஸ்கிரீனில் ஒட்டிவையுங்கள். அவர்களை நீங்களே அழைத்து, வரும் வண்டியின் குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைச் சொல்லத் தெரியாதவர் கொக்கியை மாட்ட விடாதீர்கள்.