இரண்டே வருஷத்தில் பி.எச்.டி.யா?

கேள்வி: மகள் எம்.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். நீரோட்டத்தின் நேரியலற்ற இயக்கவியலில் பி.எச்.டி. செய்ய ஆசைப்படுகிறாள். மாட்டுத்தாவணி பக்கம் ஒரு கன்சல்டன்சியில், பணம் கட்டினால் கம்ப்யூட்டர் கணக்கும் இரண்டு கட்டுரையும் போட்டுக்கொடுத்து, இரண்டே வருஷத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா?
- ஒரு தகப்பன், உசிலம்பட்டி

பதில்: ஐயா, ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பி.எச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு. இரண்டு என்பதே பொய். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தையும் அந்த விதி எடுத்துவிட்டது. சேரும் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். கட்டுரையைத் தலை எண்ணுவதுபோல எண்ணும் வழக்கம் இருக்கும்வரை இந்தக் கடைகளுக்கு வியாபாரம்தான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கம்ப்யூட்டர் கணக்கை விலைக்கு வாங்குவது இன்னும் மோசம். மகள் எடுக்க நினைக்கும் பாடத்தையே பாருங்கள். குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் கம்பிபோல இறங்கும். திறந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் கலங்கிச் சிதறும். 1883இல் ரெய்னால்ட்ஸ் என்ற பொறியாளர் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்தது இந்த மாற்றத்தைத்தான். இப்படிப்பட்ட நேரியலற்ற கணக்குகளில் தொடக்க எண் மயிரிழை மாறினாலும் முடிவு எங்கோ போய்விடலாம். வானிலைக் கணக்கில் லோரென்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச தூரத்தில் விடையே வேறாகிவிட்டது. ஆகவே வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், நான் கேட்கும் முதல் கேள்வி: "தொடக்க எண்ணை மாற்றிப் போட்டுப் பார்த்தாயா அம்மா?" கணக்கைக் காசுக்கு வாங்கிய பிள்ளைக்கு இதற்குப் பதில் வராது. நகையை அடகு வைத்த பெற்றோர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

கல்யாணம் ஆகிவிட்டால் நேரம் போதாதே என்று பயந்துதான் பலர் குறுக்குவழி தேடுகிறீர்கள். பெண்களுக்கு விதியே இடம் தருகிறது: முடிக்க அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண் என்பதால் மேலும் 2, ஆக 10. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் விடுப்பும் உண்டு. இதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்குக் கணிதத்தில் படிக்கச் சொல்லுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் அவளுக்கு வரும். உங்கள் ஊர் மதுரை பஸ், காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலை நகர் வழியாகத்தானே போகிறது? இறங்கி, ஆய்வை வழிநடத்தும் நெறியாளர்களை நேரில் பார்த்து, இடம் காலியா என்று கேளுங்கள். அசல் சான்றிதழ் எதையாவது அந்தக் கன்சல்டன்சியில் கொடுத்திருந்தால், முதலில் போய் அதை வாங்கி வாருங்கள்.