புராஸ்டேட்டையே எடுத்தாச்சு, அப்புறம் ரேடியேஷன் எதுக்கு?

கேன்சருக்காக புராஸ்டேட்டை (ஆம்பளைங்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி) முழுசா எடுத்துட்டா ரத்தத்துல பிஎஸ்ஏங்கற புரதம் கிட்டத்தட்ட தெரியவே கூடாது, அதை முக்கியமா சுரக்கறதே அந்த சுரப்பிதான். அடுத்தடுத்து டெஸ்ட்ல மில்லிக்கு 0.2 நானோகிராம் தாண்டுச்சுன்னா எங்கயோ கேன்சர் செல் மிச்சமிருக்கு, கோரையைப் பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள்ள தங்கிடும்ல, அந்த மாதிரி. புராஸ்டேட் இருந்த இடத்துல கதிர் பாய்ச்சி அதை அழிக்கறதுதான் இந்த ரேடியேஷன். முன்னாடியெல்லாம் கேன்சர் திரும்பி வர்ற ரிஸ்க் இருக்கறவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்ச கையோட குடுப்பாங்க. 2020ல ராடிகல்ஸ்ங்கற மருத்துவ ஆய்வு வந்தப்புறம், பிஎஸ்ஏ ஏற ஆரம்பிச்சதும் குடுத்தா பெரும்பாலானவங்களுக்குப் போதும்னு ஆயிடுச்சு, சிறுநீர் தொல்லையும் கம்மி. ஆனா செல் ஏற்கனவே எலும்புக்குப் போயிருந்தா அங்க இந்தக் கதிர் எட்டாதே, அதனாலதான் ஹார்மோன் ஊசி, செல் எங்க இருக்குன்னு காட்டற பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன், புது மாத்திரைன்னு தேடிட்டே இருக்காங்க. அப்புறம், வெளியிலிருந்து குடுக்கற கதிர் உடம்புல தங்காது, பேரப்புள்ளைய தாராளமா தூக்கலாம்.