உலகச் செய்தி நமக்கு எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் ஓர் இணைய வானொலியில் தினமும் இரவு கலந்துரையாடல் நடந்தது. திங்கள் உக்ரைன் போர், செவ்வாய் செங்கடல், புதன் அமெரிக்க வரி, வியாழன் பருவநிலை. வெள்ளியும் சனியும் ‘சமூகம்’ என்று சொல்லி, தனித்து வாழும் முதியோர் பற்றியும் வடமாநிலத் தொழிலாளர் பற்றியும் பேசினார்கள். பீகாரிலிருந்து வந்த தொழிலாளர் ஒருவரும் அங்கே பேசவில்லை. ஒரு நாளும் விடாமல் கேட்டேன். வரி பற்றிப் பேசியவர்கள் வாஷிங்டனையும் டெல்லியையும் தாண்டவில்லை. எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகக் குறைந்ததை யாரும் சொல்லவில்லை. வீட்டில், “உனக்கெதற்கு உலகச் செய்தி?” என்கிறார்கள். நான் கேட்பதில் பயன் உண்டா?

ஒரு வாசகி, பெருமாநல்லூர்

அன்புள்ள அம்மணிக்கு,

உங்கள் வீட்டார் கேட்டதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து ரஷ்யாவைப் பேசினால் அது உலக ஞானம். பெண் காதில் வானொலியை வைத்தால் வேண்டாத வேலையா? நீங்கள் பிசிர் பார்த்து அடுக்கும் ஒவ்வொரு துணியின் உட்புறத்திலும் துவைக்கும் முறையை நாலைந்து அயல்மொழிகளில் அச்சிட்ட லேபிள் இருக்கிறது. உலகத்தை நாள் முழுவதும் கையில் வைத்துக்கொண்டிருப்பவர் நீங்கள். அவசியம் கேளுங்கள்.

உங்கள் குறை மிகச் சரியானது. அந்த நிகழ்ச்சி திங்களையும் புதனையும் தனித்தனியாகப் பிரித்ததிலேயே பிழை தொடங்கிவிட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் துணிகள் மீது அமெரிக்கா கூடுதலாக விதித்தது 50 சதவீத வரி. அதில் 25 சதவீதம் ஏற்கெனவே அந்த மாதத் தொடக்கத்தில் வந்தது. மீதி 25 சதவீதம், உக்ரைனில் போரிடும் ரஷ்யாவிடம் இந்தியா கச்சா எண்ணெய் வாங்குவதற்காக என்று சொல்லி விதிக்கப்பட்டது. அதாவது புதன்கிழமை பேசிய வரியில் பாதி, திங்கட்கிழமை பேசிய போரிலிருந்து வந்தது. இதை அங்கிருந்தவர்களில் ஒருவராவது சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

வரியை அமெரிக்கத் துறைமுகத்தில் கட்டுபவர் இறக்குமதியாளர். அவர் அதை முழுதாகத் தாங்குவதில்லை. “விலையைக் குறை, இல்லாவிட்டால் ஆர்டர் வியட்நாமுக்கோ வங்கதேசத்துக்கோ போகும்” என்று நம் ஏற்றுமதியாளரை நெருக்குகிறார். ஏற்றுமதியாளர், தனக்குக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டின் கூலியில் கை வைக்கிறார். அடுத்த ஆர்டர் தள்ளிப்போகும்போது முதலில் நிற்பது ராத்திரி எட்டரை வரை ஓடும் அந்த அரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளக் கவரில் அது தெரிகிறது. உலக விவகாரம் சமூக விவகாரமாக மாறும் இடம் அந்தக் கவர்தான். அதை விட்டுவிட்டுப் பேசினால் உலகமும் புரியாது, சமூகமும் புரியாது.

செங்கடலும் அப்படியே. 2023 நவம்பர் முதல் அங்கே கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. தேதிக்குள் சரக்கைச் சேர்க்க உங்களை அவசரப்படுத்தினார்களே, அதன் ஒரு காரணம் அங்கே இருக்கிறது.

சனிக்கிழமை நிகழ்ச்சி பற்றி எனக்கு வருத்தமே அதிகம். பீகார்க்காரர்களைப் பற்றிப் பேச ஒரு பீகார்த் தொழிலாளியைக்கூட அழைக்கவில்லை என்றால் அதைக் கலந்துரையாடல் என்று எப்படிச் சொல்வது? 2023 மார்ச்சில் பொய்யான வீடியோக்கள் பரவி, தாக்கப்படுகிறோம் என்ற பயம் அவர்களிடையே எப்படி மூண்டது என்று திருப்பூர் கண்டிருக்கிறது. பீகார் அரசே அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பியது. அவர்களுக்குப் புரியும் மொழியில், அவர்களில் ஒருவர் குரலில் உண்மை சொல்லப்படுவதன் அருமை நம் ஊருக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் கம்பெனியில் ஓடும் எஃப்எம் இதையெல்லாம் பேசாததற்கு அரசு விதியே காரணம். தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதியில்லை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவே. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியும் இந்த நிலை. பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு நின்றுபோனது. இரவு ஒன்பதே காலுக்குச் சிற்றலையைத் திருகி உலகம் கேட்ட ஒரு தலைமுறை இங்கே இருந்தது. ஆகவே இணையத்தில் இவர்கள் ஒரு வாரம் முழுக்கப் பேச முன்வந்ததை நான் குறைத்து மதிக்கவில்லை.

அந்த வானொலிக்கு எனக்கு எழுதியதையே எழுதுங்கள். அடுத்த முறை வரி பற்றிப் பேசும்போது பேராசிரியரோடு ஒரு ஜாப் ஒர்க் யூனிட்காரரையும் செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண்ணையும் உட்காரவைக்கச் சொல்லுங்கள். அழைத்தால் நீங்களே போங்கள். அமெரிக்கக்காரர் கேட்ட தள்ளுபடி கடைசியில் யார் கூலியில் பிடிக்கப்பட்டது என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.